பதினேழாம் நம்பர் மெஷின்

இந்தப் பக்கமா தள்ளி உக்காருங்க அண்ணாச்சி, அங்க வெயில் மூஞ்சியில அடிக்கும். பை மடியில இருக்கட்டும், எனக்கு ஒண்ணும் இடைஞ்சல் இல்ல. எது வரைக்கும் போறீங்க? விளாத்திகுளமா. நல்லதாப் போச்சு. பஸ் ஸ்டாண்டுலதானே இறங்குவீங்க? நல்லதாப் போச்சு.

நான் கோவில்பட்டிப் பக்கம் ஒரு காலேஜ்ல இருக்கேன். வாத்தியார் இல்ல. லேப் பாக்குற ஆளு, ஞானதிரவியம்னு பேரு. நாப்பது கம்ப்யூட்டர், அதுக்கு ஒரு ஏசி, ஒரு பீரோ, தூத்துப் பெருக்க அன்னத்தாயக்கா, இவ்வளவுதான் என் ராஜ்யம். பத்தொன்பது வருஷம் ஆச்சு. ஒரு குறை சொல்ல விட்டதில்ல. இல்ல, ஒரு தடவை. அந்த ஒரு தடவையிலதான் எல்லாம் ஆரம்பிச்சுது.

உங்களுக்குக் கம்ப்யூட்டர் பழக்கம் உண்டா? இல்லாட்டியும் புரியும், சொல்லுதேன். ஒரு ப்ரோகிராம் தனியா எல்லா வேலையும் செய்யாது. பாதி வேலைக்குப் பொது ஃபைல்னு சிலது இருக்கு, டிஎல்எல்னு சொல்லுவோம். வேணுங்கிறபோது பேரைச் சொல்லிக் கூப்பிடும். கல்யாண வீட்டுல சமையல்காரர் குனிஞ்ச தலை நிமிராம, ‘கரண்டி எடுப்பா’ன்னு கையை நீட்டுவாருல்ல, பக்கத்துல நிக்கிறவன் எதைக் கொடுத்தாலும் வாங்கி அண்டாவுல விட்டுருவாரு. கொடுத்தவன் யாரு, கரண்டி எந்தச் சாக்கடையில கிடந்ததுன்னு பாக்க மாட்டாரு. அந்த மாதிரிதான். நாம ஒரு ஃபோல்டர்ல இருந்து ஒரு ஃபைலைத் திறக்கிறோம்னு வைங்க, சில ப்ரோகிராம் அந்த ஃபோல்டர்லயே ‘இந்தப் பேர்ல யாராவது இருக்கீங்களா’ன்னு தேடும். அதே பேர்ல ஒரு திருட்டு ஃபைல் அங்க கிடந்தா முடிஞ்சுது கதை.

எங்க காலேஜ்ல அப்படித்தான் நடந்தது. மார்க் ஷீட் கிடக்கிற பொது ஃபோல்டர்ல எவனோ ஒரு பையன் அந்த மாதிரி ஒண்ணைப் போட்டுட்டுப் போயிட்டான். வாத்தியார் மார்க் ஷீட்டைத் திறக்காரு, அவரு கையாலயே திருடனை வீட்டுக்குள்ள கூப்பிட்டாச்சு. ஒரு டிபார்ட்மென்ட் மார்க்கு முழுக்க மாறிப் போச்சு. பிரின்ஸ்பால் அத்தனை ஸ்டாஃப் முன்னாடி என்னை நிக்க வெச்சு, ‘திரவியம், இது லேப்பா, வாரச் சந்தையா’ன்னு கேட்டாரு. எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கலை. இத்தனை வருஷத்துல அப்படி ஒரு வார்த்தை நான் கேட்டதில்ல. அன்னைக்கு முடிவு பண்ணினேன், இனி என் லேப்ல என்னைக் கேக்காம ஒரு ஈ நுழையக் கூடாதுன்னு.

நுழையவும் விடலை பாத்துக்கிடுங்க. நான் செஞ்ச காரியத்துல அதுவரைக்கும் தப்பே கிடையாது.

அப்பத்தான் அந்தப் பரீட்சை வந்தது. ஏதோ ஒரு ஆபீஸ்ல கிளார்க் வேலைக்கு. எங்க லேப்தான் சென்டர். பரீட்சை நடத்துறவங்க ஒரு சர்க்குலர் அனுப்பியிருந்தாங்க. மெஷின் எல்லாத்தையும் பலப்படுத்தி வைக்கணும், வெளி ஃபைல் எதுவும் உள்ள வரக் கூடாது, அப்படி இப்படின்னு. அதுல ஒரு தேதியும் போட்டிருந்தது. எங்க மச்சினிச்சி வீட்டுல சடங்கு, நாலு நாள் லீவு போட்டுட்டேன். வந்து பாத்தா தேதி தாண்டிப் போச்சு. வந்த மறுநாளே மாக் டெஸ்ட்டு, எதுவும் செய்ய நேரமில்லாம அப்படியே நடத்தினோம்.

மாக் டெஸ்ட்டுனா ஒத்திகை. பரீட்சை எழுதப் போறவங்கள்ல சில பேரு ஒரு வாரம் முன்னாடி வந்து மெஷினைப் பாத்துட்டுப் போவாங்க. அன்னைக்கு ஒரு பிள்ளை வந்துச்சு. தங்கபுஷ்பம்னு பேரு. ரெண்டு கண்ணும் பிறவியிலயே கிடையாது. முப்பது தாண்டியிருக்கும். தனியா பஸ் ஏறி வந்துச்சு, குச்சியைத் தட்டிக்கிட்டு மாடிப்படி ஏறி வந்துச்சு. அந்த மாதிரி ஆளுக எழுதணும்னா, வாசிச்சுச் சொல்லி எழுதுறதுக்கு ஒரு ஆளு கொடுப்பாங்க. அந்தப் பிள்ளை வேண்டாம்னு எழுதிக் கொடுத்திருந்தது. முன்னாடி ஒரு பரீட்சையில அப்படி வந்த ஆளு கேள்வியையே தப்பாப் படிச்சானாம். அதனால சொந்தமா ஒரு பென்டிரைவ் வெச்சிருந்துச்சு. அதுல ஒரு ரீடர் ப்ரோகிராம். ஸ்க்ரீன்ல இருக்கிறதை எல்லாம் தமிழ்ல வாசிச்சு ஹெட்போன்ல சொல்லும். அதை வெச்சு எழுத முறைப்படி அனுமதி வாங்கியிருந்தது.

பதினேழாம் நம்பர் மெஷின்ல உக்கார வெச்சேன். ரீடர் நல்லாப் பேசுச்சு. அன்னத்தாயக்கா அந்தப் பக்கம் நாற்காலி துடைச்சுக்கிட்டு நின்னுச்சு, அதுக்கும் ஒரு பக்கத்து ஹெட்போனைக் கொடுத்துக் கேக்கச் சொல்லுச்சு அந்தப் பிள்ளை. அக்காவுக்கு ஒரே சிரிப்பு. ‘என்ன சார், பொட்டி பேசுது’ன்னுச்சு. போகும்போது அந்தப் பிள்ளை என்கிட்ட சொல்லுச்சு, ‘சார், எனக்கு வயசு இந்தத் தடவையோட முடியுது. இதுக்கு மேல எழுத முடியாது. இந்த மெஷின் நல்லாப் பேசுது, இதையே எனக்கு வெச்சிருங்க.’ நான், ‘கவலையே படாதம்மா’ன்னேன். ரூல் படி பென்டிரைவை வாங்கிக்கிட்டு ரசீதும் எழுதிக் கொடுத்தேன்.

மாக் முடிஞ்சதும் மெஷின்ல கை வைக்கக் கூடாது. லேப்பைப் பூட்டி சீல் வைக்கணும். எங்க காலேஜ்ல சீல்னா என்ன, வெள்ளைப் பேப்பர்ல பிரின்ஸ்பால் கையெழுத்துப் போட்டு கதவுல ஒட்டுறதுதான். அவருக்கு மீட்டிங், கீட்டிங், எந்நேரமும் அலைச்சல். அதனால நான் எப்பவும் அஞ்சாறு பேப்பர்ல மொத்தமாக் கையெழுத்து வாங்கி பீரோவுல வெச்சிருப்பேன். ஒண்ணைக் கிழிச்சா இன்னொண்ணை ஒட்டிக்கிடலாம். எல்லாக் காலேஜ்லயும் இப்படித்தான், இதுல ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல.

பரீட்சைக்கு மூணு நாள் இருக்கும்போது சீலைக் கிழிச்சேன். வேற என்ன செய்ய? சர்க்குலர்ல சொன்னதைச் செய்யாம விட்டா, நாளைக்கு இன்னொரு பையன் இன்னொரு ஃபைலைப் போட்டா, மறுபடியும் வாரச் சந்தையான்னு யாரு கேக்குறது? நாப்பது மெஷின்லயும் ரூல் போட்டேன். விண்டோஸ் ஃபோல்டர்ல இருக்கிற பொது ஃபைலை மட்டும்தான் எடுக்கணும், மெஷின்ல முறைப்படி ஏத்தின ப்ரோகிராம் ஃபோல்டர்ல இருக்கிறதை மட்டும்தான் எடுக்கணும், வேற எங்க கிடந்தாலும் தொடக் கூடாது. அந்தப் பிள்ளையை நான் மறக்கலை பாத்துக்கிடுங்க. அந்த ரீடர் ப்ரோகிராமுக்கு மட்டும் தனியா அனுமதி போட்டேன். நானே ஒரு போலி ஃபைல் செஞ்சு ஒவ்வொரு மெஷின்லயும் போட்டுப் பாத்தேன். ஒரு மெஷின் அதை எடுக்கலையே. எனக்கு அவ்வளவு பெருமை. கடைசியா பதினேழுல அந்தப் பென்டிரைவைச் சொருகி ரீடரைத் திறந்தேன். டக்குனு வந்துச்சு. ஒரு எர்ரர் இல்ல, ஒண்ணும் இல்ல.

அன்னத்தாயக்கா பக்கத்துல நின்னுச்சு. ஹெட்போனை எல்லாம் துடைச்சு, கவர் போட்டு, பீரோவுல அடுக்கி வெச்சிருந்துச்சு. ‘சார், காதுல மாட்டிக் கேக்க வேண்டாமா? ஒரு கவரைப் பிரிச்சுத் தரட்டா’ன்னுச்சு. ‘எதுக்குக்கா, மறுபடியும் மடக்கி வைக்கணும். இந்தா, வந்துருச்சுல்ல, பாருங்க’ன்னு ஸ்க்ரீனைக் காட்டினேன். அக்காவும் பாத்துச்சு. சரின்னுச்சு. புதுப் பேப்பரை ஒட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

பரீட்சைக்கு முந்தின நாள் அந்தப் பிள்ளை போன் பண்ணுச்சு. ‘சார், எதுவும் மாத்தலையே’ன்னு கேட்டுச்சு. ‘ஒண்ணும் மாத்தலைம்மா. நானே திறந்து நல்லாப் பாத்துட்டேன், நீ நிம்மதியா வா’ன்னேன். நல்லாப் பாத்துட்டேன்னு சொன்னது பொய்யா, சொல்லுங்க. பாத்தேனே.

பத்து மணிக்குப் பரீட்சை. ரெண்டு மணி நேரம். பத்து அடிச்சு ரெண்டு நிமிஷத்துல கையைத் தூக்குச்சு. ‘சார், பேசலை.’ போய்ப் பாத்தேன். ஸ்க்ரீன்ல எல்லாம் சரியா இருக்கு. ரீடர் ஓடுது, கேள்வி தெரியுது. ‘எல்லாம் வந்திருக்கேம்மா’ன்னேன். ‘காதுல ஒண்ணும் வரலை சார்’னுச்சு. ஹெட்போனை மாத்தினேன். இன்னொண்ணு மாத்தினேன். மூணாவதா என் டேபிள்ல இருக்கிற நல்ல ஹெட்போனையே கொடுத்தேன். இல்ல. பதினெட்டுல உக்கார வெச்சேன். இல்ல. முப்பத்தொண்ணுல. இல்ல. அங்க இங்கன்னு அந்தப் பிள்ளையைக் கையைப் பிடிச்சு அலைய விட்டதுல இருபத்தஞ்சு நிமிஷம் போச்சு. மத்தப் பிள்ளைக எல்லாம் குனிஞ்ச தலை நிமிராம எழுதுதுக.

முப்பத்தொண்ணுலயும் பேசலைன்னதும்தான் யோசிச்சேன் அண்ணாச்சி. மெஷின் தப்பு இல்ல, ஹெட்போன் தப்பு இல்லன்னா வேற என்ன? அந்த ரீடருக்குத் தமிழ்க் குரல் தனி ஃபைல்ல இருக்கு. அதுவும் ஒரு டிஎல்எல். பென்டிரைவ்ல, ரீடருக்குப் பக்கத்துலயே இருக்கு. நான் ரீடருக்கு அனுமதி கொடுத்தேன், அது கூப்பிடுற குரலுக்குக் கொடுக்கலை. ரீடர் கூப்பிடுது, என் ரூல் வாசல்ல நின்னு தடுக்குது. அது எர்ரரும் காட்டாது, பேசாம இருந்துக்கும்.

எடுத்து விட ரெண்டு நிமிஷம் போதும். பாஸ்வேர்டு என்கிட்டதான். ஆனா பரீட்சை நடக்கும்போது செட்டிங்கை மாத்தக் கூடாது, அது ரூல். மாத்தணும்னா மேற்பார்வைக்கு வந்த ஆபீசர்கிட்ட எழுதி வாங்கணும். எழுதணும்னா காரணம் எழுதணும். காரணம் என்னன்னு எழுத? சீல் வெச்ச அப்புறம் திறந்து கை வெச்சேன்னு எழுதவா? பேப்பரை எங்க இருந்து எடுத்தேன்னு கேப்பாங்க. பிரின்ஸ்பாலும் மாட்டுவாரு. எனக்கு ரெண்டு பொம்பளைப் பிள்ளைக. நீங்களே சொல்லுங்க.

ஆபீசர் என்கிட்டத்தான் வந்தாரு. ‘டெக்னிக்கல் ஆளு நீங்கதானே, என்ன பிரச்சனை’ன்னு கேட்டாரு. நான், ‘அவங்க பென்டிரைவ்ல ஏதோ கோளாறு சார்’னேன்.

வாசிச்சுச் சொல்ல ஆளு வேணும்னா முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கணும், இப்ப முடியாதுன்னுட்டாரு. வெளியவும் விட முடியாது, பன்னெண்டு மணிக்கு முன்னாடி யாரும் போகக் கூடாது. அந்தப் பிள்ளை திரும்ப பதினேழுலயே போய் உக்காந்துச்சு. ஹெட்போனைக் கழட்டலை. கை ரெண்டும் கீபோர்டு மேல. மணி பத்தரையில இருந்து பன்னெண்டு வரைக்கும் அப்படியே இருந்துச்சு. அழலை, சண்டை போடலை. நான் அந்தப் பக்கமே போகலை. கடைசி வரிசையில ஒரு மெஷின் வயரைச் சரி பண்ணிக்கிட்டு இருந்தேன், அதுல ஒரு கோளாறும் கிடையாது.

அன்னத்தாயக்காதான் கையைப் பிடிச்சுப் படி இறக்கிக் கூட்டிட்டுப் போச்சு. வந்து பிரின்ஸ்பால் முன்னாடியே, ‘போன வாரம் பேசுச்சே சார், நானே கேட்டேனே’ன்னுச்சு. ‘உங்களுக்கு என்னக்கா தெரியும் இதைப் பத்தி’ன்னு நான் ஒரு சத்தம் போட்டேன். அடுத்த வாரமே அக்காவை லேடீஸ் ஹாஸ்டல் பக்கம் மாத்திட்டாங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, அங்க ஆளு குறைவு. ஆனா இப்ப என்னைக் கண்டா தலையைத் திருப்பிக்கிட்டுப் போகுது. தினம் டீ கொண்டு வந்து வைக்கும். இப்ப இல்ல. மனசு விட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி, எனக்கு அதுதான் பெரிய வருத்தமா இருக்கு.

பென்டிரைவை உடனே கொடுக்க முடியாது, சோதனைக்கு வெச்சுக்கணும்னு எழுதிட்டேன். ஞாயித்துக்கிழமை காலையில வீட்டுல சும்மா இருந்தேன். என்னதான் இருக்குன்னு பாப்போமேன்னு வீட்டு கம்ப்யூட்டர்ல சொருகினேன். வீட்டுல ரூல் எல்லாம் ஒண்ணும் போடலை, யாரு வரப் போறா. ரீடரைத் திறந்தேன். பேசுச்சு. ஆம்பளைக் குரல், வயசானது, கொஞ்சம் மூக்கால. ‘வணக்கம் தங்கபுஷ்பம், படிக்கலாமா’ன்னுச்சு.

நான் டக்குனு சத்தத்தைக் குறைச்சேன். எங்க வீட்டுக்காரி அடுப்படியில இருந்து, ‘யாரு வந்திருக்கா’ன்னு கேக்கா. ‘யாரும் இல்ல’ன்னேன். உடனே எல்லாத்தையும் அழிச்சேன். பயந்து அழிச்சேன்னு நெனைக்காதீங்க. யாரு செஞ்சதுன்னு தெரியாத வெளி ஃபைல், என் கைக்கு வந்தா சுத்தம் பண்ணித்தான் திருப்பிக் கொடுப்பேன். அந்த மார்க் ஷீட் சமாச்சாரத்துல இருந்து யாரு பென்டிரைவா இருந்தாலும் அதான் முறை. அதுலயும் சும்மா அழிக்க மாட்டேன். மேல மேல ஏழு தடவை எழுதி அழிப்பேன். அப்புறம் எவனாலயும் திருப்பி எடுக்க முடியாது.

பத்து நாள் கழிச்சு அந்தப் பிள்ளை போன் பண்ணுச்சு. கேஸ் போடப் போகுதோ, நம்மளைத் திட்டப் போகுதோன்னு பயந்துக்கிட்டே எடுத்தேன். ‘உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல சார். நீங்க நல்லாத்தான் பாத்தீங்க. மூணு ஹெட்போன் மாத்துனீங்க. என் பென்டிரைவ்தான் காலை வாரிருச்சு’ன்னுச்சு. நல்ல பிள்ளை. அதுக்குப் புரிஞ்சுது. ‘பரீட்சை போனது போச்சு சார், அதை மட்டும் கொடுத்துருங்க. பழுதா இருந்தாலும் பரவாயில்ல, யாருகிட்டயாவது காட்டிச் சரி பண்ணிக்கிடுதேன்’னுச்சு. அப்பத்தான் அந்தக் குரலைப் பத்திச் சொல்லுச்சு. அது படிச்ச ஸ்கூல்ல ராயப்பன்னு ஒரு கம்ப்யூட்டர் சார். அந்தக் காலத்துல இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குக் கேக்கிற மாதிரி ஒரு தமிழ்க் குரல் கிடையாதாம். மூணு முழுப்பரீட்சை லீவுல உக்காந்து, எழுத்து எழுத்தா, சொல்லு சொல்லா தன் குரலையே பேசிப் பேசி ஏத்தி, அஞ்சு பிள்ளைகளுக்கு அவங்கவங்க பேரோட செஞ்சு கொடுத்தாராம். அவரு இப்ப உயிரோட இல்ல. அந்தப் பிள்ளைக்கு அப்பா அம்மாவும் கிடையாது. ‘பதினாலு வருஷமா எனக்கு எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டுறது அவருதான் சார்’னுச்சு. வேற நல்ல குரல் எல்லாம் இப்ப வந்திருச்சேம்மான்னேன். ‘பென்டிரைவை எப்ப சார் கொடுப்பீங்க’ன்னு கேட்டுச்சு.

ஒரு காப்பி எடுத்து வெச்சிருக்க வேண்டாமா, சொல்லுங்க. நாங்க லேப்ல தலைப்பாடா அடிச்சுக்கிடுவோம். வீட்டு மெஷின்ல ஒண்ணு இருந்துச்சாம், மாசியில இடி விழுந்து அது போயிருச்சாம்.

அன்னைக்கு இருந்து என்னென்னவோ செஞ்சு பாத்துட்டேன். அழிஞ்ச ஃபைலை மீட்கிற ப்ரோகிராம் எல்லாம் போட்டேன், பன்னெண்டு நாள். மெட்ராஸ்ல ஒருத்தன்கிட்ட அனுப்பிக் கேட்டேன். ‘இவ்வளவு சுத்தமா அழிச்சது யாருங்க’ன்னு கேக்கான். மத்த நாலு பிள்ளைகளைத் தேடினேன். ரெண்டு பேரைக் கண்டுபிடிச்சேன். அவங்ககிட்ட இல்ல. எனக்குச் சில நேரம் லேப்ல தனியா இருக்கும்போது அந்த மூக்கால பேசுற குரல் கேக்குது. ஏசிச் சத்தம்தான். ஏசிச் சத்தம்னு தெரியும்.

பிரின்ஸ்பால் பென்டிரைவைக் கூரியர்ல போடும்னாரு. எனக்குத்தான் மனசு கேக்கலை. நேர்ல போய்க் கொடுத்து, எல்லாத்தையும் சொல்லிருவோம்னு கிளம்பினேன். சீலு, பேப்பரு, ரூலு, ஞாயித்துக்கிழமை, எல்லாத்தையும். உங்ககிட்ட சொன்ன மாதிரியேதான். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல நிக்கிற வரைக்கும் அந்த எண்ணம்தான் இருந்துச்சு.

அந்தா, தண்ணி டேங்க் தெரியுது. வந்துருச்சு, உங்க ஊரு.

அந்தப் பிள்ளை நேத்து போன்ல சொல்லுச்சு, ‘பால் பூத் பக்கத்துல நிப்பேன் சார். ஒருத்தர்கிட்ட லேப்டாப் கேட்டிருக்கேன், கொண்டு வருவேன். அங்கேயே சொருகி ஒரு தடவை கேட்டுட்டா எனக்கு நிம்மதி’ன்னு.

அண்ணாச்சி, இந்த வண்டி வேம்பார் வரைக்கும் போகுது. நான் வேம்பாருக்குத்தான் டிக்கெட் எடுத்திருக்கேன். அங்க எனக்கு யாரும் கிடையாது, சும்மா எடுத்தேன். நீங்க எப்படியும் பால் பூத்தைத் தாண்டித்தானே போகணும். பாருங்க, அந்தா நிக்குது, ஊதாச் சேலை, தோள்ல பை, கையில வெள்ளைக் குச்சி. பஸ் சத்தத்துக்குத் தலையைத் திருப்புது பாருங்க.

இந்தப் பென்டிரைவை அது கையில கொடுத்தாப் போதும். சார் கொடுத்து விட்டாருன்னு சொல்லுங்க. உள்ள ஒண்ணும் இல்ல, சுத்தமா இருக்கு, இனி எந்த மெஷின்ல வேணும்னாலும் பயப்படாம சொருகலாம். அது ஏதாவது கேட்டுச்சுன்னா, சார் நல்லாப் பாத்துட்டுத்தான் கொடுத்தாருன்னு சொல்லிருங்க. கையை நீட்டுங்க அண்ணாச்சி, வண்டி இங்க ரொம்ப நேரம் நிக்காது.